தேசிக்காயா, முளைப்பயறா? ஊவா மலைத்தோட்டங்களிலிருந்து ஒரு பழைய கேள்வியை மீண்டும் பார்த்தல்

பதுளை மாவட்டத்துத் தோட்டம் ஒன்றில் மாரியம்மன் திருவிழா நடக்கும்போது இரண்டு பொருள்கள் தவறாமல் வந்து சேரும். ஒன்று, சூலத்தின் முனையில் குத்திய தேசிக்காய். மற்றொன்று முளைப்பாரி. இருட்டறையில் தண்ணீர் தெளித்து வளர்த்த பயறும் தானியமும் வெளிர்மஞ்சளாய் நிமிர்ந்து நிற்கும் சட்டியைப் பெண்கள் தலையில் சுமந்து வருவார்கள். சடங்கு முடிந்ததும் தேசிக்காய் வீட்டுக்குப் போகும்; முளைப்பாரி ஆற்றோடு போகும். முளைகட்டும் கலை இந்தத் தோட்ட மக்களுக்குப் புதிதல்ல என்பதற்கு இது போதும். ஆனால் அந்த முளை சாப்பாட்டுத் தட்டுக்கு அடிக்கடி வருவதில்லை.

தோடை இனப் பழங்களுக்கும் முளைகட்டிய பயறு வகைகளுக்கும் இடையே போசாக்கில் எது மேல் என்ற கேள்வி இன்று உடல்நலக் குறிப்புகளில் வெறும் பட்டியல் ஒப்பீடாகச் சுருங்கிவிட்டது. உண்மையில் அதற்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டு வரலாறு உண்டு. கப்பலிலும் போர்முனையிலும் பஞ்ச நிவாரண முகாமிலும் ஆய்வுகூடத்திலும் வெவ்வேறு விடைகள் கிடைத்தன. ஒவ்வொரு விடையும் தான் பிறந்த இடத்து நோய்க்கே பொருந்தியது. அந்த விடைகளை வரிசைப்படுத்தி, ஊவா மாகாணத் தோட்டங்களின் நிலைமைக்கு எது எவ்வளவு பொருந்துகிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊவாவைத் தேர்ந்ததற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. இரண்டு பொருளும் இந்த மாகாணத்திலேயே விளைகின்றன. மொனராகலை மாவட்டத்துப் பிபிலை, தன் பெயரிலேயே ஒரு தோடை வகையைக் கொண்ட ஊர். தேசிக்காயும் பயறும் கௌபியும் அந்த மாவட்டத்துச் சேனைகளிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் சந்தைக்கு வருகின்றன. அங்கிருந்து ஏறினால் பசறை, பதுளை, ஹாலிஎல, பண்டாரவளை, அப்புத்தளை என்று தேயிலை மலைகள். உற்பத்தி செய்யும் சமவெளியும், போசாக்குக் குறைபாட்டால் நெடுங்காலம் தவித்த மலையும் ஒரே மாகாணத்தின் இரு பாதிகள்.

பழத்தின் கட்சி: கப்பலில் பிறந்த விடை

தோடை இனப் பழங்களுக்கு மருத்துவ மதிப்பைத் தேடித் தந்தது ஸ்கேவி நோய். ஈறு வீங்கி இரத்தம் கசியும். பழைய புண்கள் மீண்டும் திறக்கும். இறுதியில் உயிர் போகும். நீண்ட கடற்பயணங்களில் போரை விட அதிக மாலுமிகளைக் கொன்றது இந்நோய்தான் என்பர். 1747 மே மாதத்தில் 'சோல்ஸ்பரி' என்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் ஜேம்ஸ் லிண்ட் என்ற மருத்துவர் 12 நோயாளிகளை இருவர் இருவராகப் பிரித்து ஆறு வெவ்வேறு மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார். வினாகிரி, கடல்நீர், அமிலக் கரைசல் என்று போன அந்தப் பட்டியலில், நாளொன்றுக்கு இரண்டு தோடம்பழமும் ஒரு லெமனும் பெற்ற இருவரே விரைவில் எழுந்தனர். ஆறு நாளில் பழம் தீர்ந்துபோனது. அதற்குள் விடை தெரிந்துவிட்டது.

அந்த விடையின் பலவீனமும் அங்கேயே தொடங்கியது. பழத்தில் எது குணப்படுத்துகிறது என்று லிண்டுக்குத் தெரியாது. சாற்றைக் காய்ச்சிக் கெட்டியாக்கி வைத்தால் நெடுநாள் பயன்படும் என்று அவரே பரிந்துரைத்தார். காய்ச்சும்போது குணம் பெருமளவு போய்விடும் என்பதை அறியவில்லை. 1795இல் பிரித்தானியக் கடற்படை லெமன் சாற்றை முறையாக வழங்கத் தொடங்கியதும் ஸ்கேவி அடங்கியது. 1860களில் மத்தியதரைக் கடல் லெமனுக்குப் பதிலாக மேற்கிந்தியத் தீவுகளின் தேசிச்சாறு வந்தது. 1875-76இல் வடதுருவம் நோக்கிச் சென்ற நெயர்ஸ் குழுவில் ஸ்கேவி மீண்டும் தலைகாட்டியபோது, பழத்தின் மீதிருந்த நம்பிக்கையே ஆட்டம் கண்டது.

விளக்கம் பின்னர்தான் கிடைத்தது. லண்டன் லிஸ்டர் நிறுவனத்தில் ஹாரியற் சிக்கும் அவரது தோழியரும் முதலாம் உலகப் போர்க்காலத்தில் நடத்திய சோதனைகளில், தேசிச்சாறு லெமன் சாற்றை விட வெகுவாகக் குறைந்த ஆற்றல் காட்டியது. பதப்படுத்தி நாட்பட வைத்த தேசிச்சாறு ஏறக்குறைய பயனற்றதாக இருந்தது. இரண்டையும் 'புளிப்புச் சாறு' என்ற ஒரே பெயரில் அடக்கியதே தவறு. தமிழில் லெமனையும் தேசிக்காயையும் எலுமிச்சை என்றே சொல்லிவிடுகிற நாமும் அதே தவறுக்கு அருகில்தான் நிற்கிறோம். 'தோடை இனம்' என்பது ஒரே அளவு சத்துள்ள ஒற்றைப் பொருள் அன்று. இந்தக் கட்டுரை முழுவதற்கும் அந்த எச்சரிக்கை தேவைப்படும்.

முளையின் கட்சி: பழம் கிடைக்காத இடத்தின் விடை

முளைக்கும் நீண்ட பரம்பரை உண்டு. 18ஆம் நூற்றாண்டிலேயே டேவிட் மக்பிரைட் என்பவர், முளைகட்டிய பார்லியின் ஊறல் ஸ்கேவியைத் தடுக்கும் என்று வாதிட்டார். கப்டன் குக்கின் கப்பல்களும் அதைச் சுமந்தன. முளையை உலர்த்தி, வறுத்து, கொதிநீரில் ஊறவைத்த அந்தப் பானத்தில் விற்றமின் சி மிச்சமிருந்திருக்க வாய்ப்பில்லை. கருத்து சரியான பக்கம் இருந்தது. செய்முறை அதைக் கெடுத்தது.

1912இல் நோர்வேயைச் சேர்ந்த ஃபுர்ஸ்ற், உலர்ந்த விதையில் இல்லாத ஸ்கேவித் தடுப்பாற்றல் முளைக்கும்போது தோன்றுகிறது என்று விலங்குச் சோதனையில் காட்டினார். போர் வந்ததும் அந்த அறிவு அவசரமானது. 1915 டிசம்பர் முதல் 1916 ஏப்ரல் வரை மெசப்பொத்தேமியாவின் குட் நகரில் முற்றுகையிடப்பட்ட படையில், குதிரை இறைச்சியைத் தொடாத இந்தியச் சிப்பாய்களிடையே ஸ்கேவி பரவியது. பழம் கொண்டுபோக முடியாத பாலைவனம். சாக்கில் கட்டிக் கொண்டுபோகக்கூடிய பருப்பு வகையை முழு விதையாக எடுத்துச் சென்று, முகாமிலேயே நனைத்து முளைகட்டி, குறைந்த நேரம் வேகவைத்துக் கொடுக்கலாம் என்பது சிக் குழுவினரின் ஆலோசனை. 1918இல் வெளியான குறிப்பின்படி, வில்ட்ஷயர் என்ற மருத்துவர் ஸ்கேவி கண்ட சேர்பியச் சிப்பாய்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு லெமன் சாறும் மற்றதற்கு முளைகட்டிய அவரையும் கொடுத்தார். முளை சாற்றுக்குக் குறையவில்லை. சற்று மேலாகவே பலன் தந்தது என்பது அவர் முடிவு. நம் கேள்வியை நேருக்கு நேர் சோதித்த மிகப் பழைய முயற்சிகளில் அது ஒன்று. நோயாளிகளின் எண்ணிக்கை சிறியது என்பதால் அதை இறுதித் தீர்ப்பாகக் கொள்ள முடியாது.

இந்திய மண்ணில் இந்த அறிவு குன்னூரில் வேர்விட்டது. ஊவாவைப் போலவே தேயிலை சூழ்ந்த நீலகிரி நகரம் அது. றொபேர்ட் மக்கரிசன் தொடங்கி, 1935 முதல் டபிள்யூ. ஆர். அய்க்ரொய்ட் நடத்திய போசாக்கு ஆய்வுகூடம் இந்திய உணவுகளின் சத்துப் பட்டியலை வெளியிட்டது. 1930களின் இறுதியில் பஞ்சாபின் ஹிசார் மாவட்டப் பஞ்சத்தில் ஸ்கேவி தோன்றியபோது முளைகட்டிய கடலையும் நெல்லியும் நிவாரணத்தில் பயன்பட்டன. இதே காலத்தில் கொழும்பில் லூசியஸ் நிக்கல்ஸ் இலங்கையரின் உணவுக் குறைபாடுகளை ஆராய்ந்தார். வெப்பமண்டலப் போசாக்கு பற்றிய அவரது நூல் 1938இல் வந்தது.

முளையின் கட்சிக்கு அறிவியல் விளக்கமும் பின்னர் கிடைத்தது. விற்றமின் சியை 1928இல் பிரித்தெடுத்த அல்பேர்ட் சென்ட் ஜோர்ஜி 1937இல் நோபல் பரிசு பெற்றார். உலர்ந்த விதையில் அந்தச் சத்து மிகச் சொற்பம். தண்ணீர் பட்டு விதை விழித்தெழும்போது செடி அதைப் புதிதாகவே உண்டாக்குகிறது. சூரிய ஒளிகூட அதற்குக் கட்டாயமில்லை. முளைப்பாரி வளரும் இருட்டறையில் நடப்பதும் அதுதான்.

நூறு கிராமின் மயக்கம்

இரண்டு கட்சியும் இன்று சத்துப் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு வாதிடுகின்றன. பரவலாகப் பயன்படும் அமெரிக்க உணவுப் பட்டியலின்படி, 100 கிராம் தோடம்பழத்தில் சுமார் 53 மில்லிகிராம் விற்றமின் சி. தேசிச்சாற்றில் சுமார் 30. முளைப்பயற்றில் சுமார் 13. பழம் வென்றது என்று தோன்றும். புரதத்தைப் பார்த்தால் தோடையில் ஒரு கிராமுக்கும் குறைவு, முளைப்பயற்றில் 3 கிராம். இரும்பு தோடையில் 0.1 மில்லிகிராம், முளையில் 0.9. இப்போது முளை வென்றது.

இதே பட்டியலில் உலர்ந்த பயற்றைப் பார்த்தால் புரதம் சுமார் 24 கிராம், இரும்பு 6.7 மில்லிகிராம், போலேற்று 625 மைக்கிரோகிராம். அப்படியானால் முளைத்ததும் சத்து எட்டில் ஒன்றாகத் தேய்ந்துவிட்டதா? இல்லை. பட்டியலில் இருப்பது நீண்ட வெள்ளைத் தண்டுடைய முளை. அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். விதை குடித்த தண்ணீரையும் சேர்த்து நிறுத்தால் எந்தச் சத்தும் குறைந்தே தெரியும். இரும்பு முளைப்பதால் கூடுவதும் இல்லை, கரைந்த சிறு அளவைத் தவிர குறைவதும் இல்லை. 'முளைகட்டினால் புரதம் பல மடங்கு' என்ற வாக்கியமும், 'முளையில் புரதமே இல்லை' என்ற வாக்கியமும் ஒரே எடைக்கணக்கின் இரு புறங்கள்.

ஆகவே தட்டில் வைக்கும் அளவிலிருந்து கணக்கிடுவதே நேர்மை. கைப்பிடி உலர்ந்த பயறு, 25 கிராம் என்று கொள்வோம். அதில் ஏறத்தாழ 6 கிராம் புரதம், 1.7 மில்லிகிராம் இரும்பு, 150 மைக்கிரோகிராமுக்குச் சற்று மேல் போலேற்று. ஓரிரவு ஊறி ஒரு நாள் துணியில் கிடந்து வால் நுனி எட்டிப்பார்க்கும் நிலையில் அது 60 கிராம் அளவுக்குப் பருத்திருக்கும். விற்றமின் சி தோராயமாக 8 மில்லிகிராம் இருக்கலாம்; இன்னும் மூன்று நான்கு நாள் வளரவிட்டால் அதே விதையிலிருந்து கூடுதலாகக் கிடைக்கும். ஒரு சிறு தேசிக்காயைப் பிழிந்தால் வரும் இரண்டு மேசைக்கரண்டிச் சாற்றிலும் ஏறத்தாழ அதே 8 மில்லிகிராம்தான். விற்றமின் சிக்குப் பெயர்பெற்ற தேசிக்காயும், பெயரில்லாத முளைப்பயறும் தட்டில் வந்து சேரும்போது ஏறக்குறைய சமநிலையில் நிற்கின்றன. முந்துவது தோடம்பழம். பழுத்தும் தோல் பச்சை மாறாத நடுத்தரத் தோடை ஒன்று 60, 70 மில்லிகிராம் வரை தரும். வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு 45 மில்லிகிராம் போதும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

இந்தப் பந்தயத்தில் சேராத இரண்டு பொருள்களையும் சொல்லாமல் விட முடியாது. கொய்யாவில் 100 கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் விற்றமின் சி. ஊவாவின் புல்வெளிச் சரிவுகளில் தானாகவே வளரும் நெல்லி, தோடையை விடப் பல மடங்கு செறிவானது. விற்றமின் சி மட்டுமே கேள்வி என்றால், தேசிக்காயும் முளைப்பயறும் இரண்டாம் வரிசையில்தான் உட்கார வேண்டும்.

'உயிருள்ள உணவு' என்ற நம்பிக்கை

மூன்றாவது நிலைப்பாடு எண்களைப் பொருட்படுத்துவதில்லை. முளை 'உயிருள்ள உணவு'. அதிலுள்ள நொதியங்கள் நம் உடலுக்குள் வேலை செய்யும். சமைத்தால் உயிர் போய்விடும் என்பது இயற்கை மருத்துவ மரபின் கூற்று. 1927 நவம்பரில் இலங்கைப் பயணத்தின்போது பதுளையிலும் பேசிய காந்தி, 1929இல் சமைக்காத உணவுச் சோதனையில் இறங்கினார். முளைத்த கோதுமையும் கடலையும் அவர் தட்டில் இருந்தன. உடல்நலம் கெட்டதால் அந்தச் சோதனையை அவர் தொடரவில்லை.

இந்த வாதத்தில் பாதி உண்மை உண்டு. முளைக்கும்போது விதையின் நொதியங்கள் விழித்து, வயிற்றில் வாயுவை உண்டாக்கும் சர்க்கரை வகைகளையும், புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்களையும் குறைக்கின்றன. முழுப் பயறு 'வாய்வு' என்று ஒதுக்குபவர்களுக்கு முளைப்பயறு இலகுவாக இருப்பதற்குக் காரணம் இதுவாகலாம். ஆனால் அந்த வேலை விதைக்குள்ளேயே நடந்து முடிகிறது. நொதியங்களும் புரதங்களே, இரைப்பையின் அமிலத்தில் மற்றப் புரதங்களைப் போலவே அவையும் பெரும்பாலும் உடைந்துவிடும்.

பழத்தின் பக்கமும் இதற்கு இணையான மிகை நடந்தது. 1970இல் லைனஸ் போலிங் எழுதிய நூலுக்குப் பிறகு, விற்றமின் சியை அதிகம் உட்கொண்டால் தடிமன் வராது என்ற நம்பிக்கை உலகெங்கும் பரவியது. பின்னர் வந்த பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், சாதாரண மக்களில் அது தடிமனைத் தடுப்பதில்லை என்றும், வந்த தடிமனின் நாள்களைச் சிறிதளவு குறைக்கக்கூடும் என்றும் மட்டுமே சொல்ல முடிந்தது.

மலைத்தோட்டத்தின் நோய் வேறு

இதுவரை வந்த விடைகள் எல்லாம் பெரும்பாலும் ஸ்கேவியைச் சுற்றியவை. தோட்ட மக்களின் வரலாற்றில் அந்நோய்க்கு முக்கிய இடமில்லை. இங்கே திரும்பத் திரும்பப் பேசப்பட்டவை இரண்டு: குருதிச்சோகையும், வளர்ச்சி குன்றிய குழந்தைகளும். 2016ஆம் ஆண்டு குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடு முழுவதும் 17.3 வீதம், தோட்டத்துறையில் 31.7 வீதம்.

சோகைக்கான முதல் விளக்கம் உணவைச் சார்ந்ததாக இருக்கவில்லை. 1916இல் றொக்ஃபெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கியது. வெறுங்காலோடு மலைக்குப் போகும் தொழிலாளியின் குடலில் அந்தப் புழு இரத்தத்தை உறிஞ்சியது. கழிப்பறையும் செருப்பும் பூச்சி மருந்தும் அந்நாளைய மருந்துச்சீட்டு. அந்த விளக்கம் இன்றும் பொய்யாகிவிடவில்லை. புழு இருக்கும் குடலில் முளைப்பயறு எவ்வளவு சேர்த்தாலும் அது ஓட்டைப் பானையில் ஊற்றும் தண்ணீர்தான்.

இரண்டாவது விளக்கம் தட்டைப் பார்த்தது. கோதுமை மா ரொட்டி, தேங்காய்ச் சம்பல், சோறு, பருப்பு. இரும்பு பெரும்பாலும் தாவரத்திலிருந்தே வருகிறது. அந்த வகை இரும்பை உடல் சிறு பங்காகவே உறிஞ்சும். அதையும் தடுப்பவை இரண்டு. தானியத்திலும் பயற்றிலும் உள்ள பைற்றேற்று ஒன்று. தேயிலையின் துவர்ப்பு மற்றொன்று. சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் இரும்பு உறிஞ்சப்படுவது வெகுவாகக் குறைகிறது என்று 1975இல் தென்னாபிரிக்க ஆய்வாளர்கள் காட்டினர். உலகுக்குத் தேயிலை பறித்துத் தரும் கைகளுக்குச் சொந்தமான உடலில், ரொட்டியோடு சேர்த்துக் குடிக்கும் சாயத் தண்ணியே இரும்பைத் தடுத்து நிறுத்துகிறது.

மூன்றாவது எச்சரிக்கை மரபணு சார்ந்தது. எல்லாச் சோகையும் இரும்புக் குறைபாடு அன்று. குருநாகல், அனுராதபுரம் போல பதுளையும் தலசீமியா நோயாளர் கணிசமாகச் சிகிச்சை பெறும் இடம். அந்நோயாளரின் உடலில் இரும்பு தேங்கும். இரும்பையும் அதை உறிஞ்சத் தூண்டும் விற்றமின் சியையும் மருத்துவர் சொல்லாமல் கூட்டுவது அவர்களுக்குத் தீங்கு. சோகை என்றதும் பழச்சாறும் முளையும் என்று பொதுப்படப் பரிந்துரைப்பது ஊவாவில் கூடுதல் கவனத்தோடு செய்ய வேண்டிய காரியம்.

இரண்டையும் சேர்த்தால்

நோய் மாறியதும் கேள்வியின் வடிவமும் மாறுகிறது. பழத்தில் இரும்பு இல்லை. ஆனால் அதன் விற்றமின் சி தாவர இரும்பை உடல் உறிஞ்சக்கூடிய வடிவத்தில் வைத்திருக்கிறது. பயற்றில் இரும்பு உண்டு. ஆனால் அதைப் பூட்டி வைக்கும் பைற்றேற்றும் உண்டு. முளைகட்டும்போது அந்தப் பூட்டு ஓரளவு தளரும், முழுவதும் திறக்காது. விதை, நேரம், வெப்பம் ஆகியவற்றைப் பொறுத்துக் குறையும் அளவு மாறும். மிச்சமிருக்கும் சிறு பைற்றேற்றும் இரும்பைத் தடுக்க வல்லது. எனவே போட்டியாளர்களாகப் பார்த்த இரண்டும் கூட்டாளிகளாக வேண்டும் என்ற நான்காவது நிலைப்பாடு உருவானது. இன்று போசாக்கு அறிவுரைகளில் மேலோங்கி நிற்பது இதுவே. இலங்கையின் கர்ப்பிணிச் சிகிச்சை நிலையங்களில் இரும்பு, போலிக் அமில மாத்திரைகளோடு விற்றமின் சி மாத்திரையும் கொடுக்கப்படுவது அதே தத்துவத்தின் அரச வடிவம்.

எவ்வளவு சேர்க்க வேண்டும்? 1991இல் வெளியான ஓர் ஆய்வின்படி, பைற்றேற்றின் தடையை 30 மில்லிகிராம் விற்றமின் சி சமாளித்தது. துவர்ப்புப் பொருள் மிகுந்த உணவுக்கு 50 மில்லிகிராமோ அதற்கு மேலோ தேவைப்பட்டது. இந்த அளவுகோலில் வைத்தால், முளைப்பயற்றின் மேல் பிழியும் அரைத் தேசிக்காய் சுவைக்கு உதவுமேயன்றி இரும்புக்குப் பெரிதாக உதவாது. தோடம்பழமோ கொய்யாவோ அதே வேளையில் சேர்ந்தால்தான் கணக்கு ஒத்துவரும். வல்லாரைச் சம்பலில் பிழியும் தேசிக்காயைப் பற்றியும் இதையே சொல்ல வேண்டும்.

கூட்டுக் கொள்கைக்கும் ஒரு கடுமையான சோதனை நேர்ந்தது. மெக்சிக்கோவின் கிராமப்புறத்தில், இரும்புக் குறைபாடுள்ள பெண்களுக்கு 25 மில்லிகிராம் விற்றமின் சி உள்ள தேசிச்சாற்றுப் பானம் நாளுக்கு இரண்டு முறை, வாரத்தில் ஆறு நாள், எட்டு மாதம் உணவோடு கொடுக்கப்பட்டது. குறுகிய கால அளவீட்டில் இரும்பு உறிஞ்சுதல் கூடியிருந்தது. எட்டு மாதத்தின் முடிவில் உடலின் இரும்பு நிலை மேம்படவில்லை. 2003இல் வெளியான அந்த முடிவு, ஒரு வேளைத் தட்டில் தெரியும் நன்மை உடலின் நீண்ட காலக் கையிருப்பாகச் சேரும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதைக் காட்டியது. அங்கே சோளம் பிரதான உணவு. இங்கே அரிசியும் கோதுமையும். முடிவை அப்படியே இடம்பெயர்க்க முடியாது, புறக்கணிக்கவும் முடியாது.

கணக்கும் அதையே உறுதிப்படுத்துகிறது. தாவர உணவை நம்பியிருக்கும், மாதவிடாய் வயதுப் பெண்ணுக்கு நாளுக்குச் சுமார் 29 மில்லிகிராம் இரும்பு உணவில் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. கைப்பிடிப் பயறு தருவது 1.7. அந்த இடைவெளியை எந்தப் பழச்சாறும் தனியாக நிரப்பாது.

தண்ணீர், குளிர், கடை

ஆய்வுகூடத்துக்கு வெளியே வேறு காரணிகள் முடிவைத் தீர்மானிக்கின்றன. முளைகட்ட நிலம் வேண்டாம். சட்டியும் துணியும் நிழலும் போதும். வீட்டுத்தோட்டத்துக்கு இடமில்லாத லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்புக்கு, அது பெரிய அனுகூலம். ஆனால் கடையில் மலிவாகக் கிடைக்கும் மைசூர்ப் பருப்பு முளைக்காது. தோல் நீக்கி உடைத்த விதை அது. முளையாகும் பகுதி ஆலையிலேயே போய்விட்டது. முழுப் பயறு, கௌபி, கடலை, கொள்ளு ஆகியவையே முளைக்கும். 2020இல் தொடங்கிய இறக்குமதிக் கட்டுப்பாடுகளில் பயறும் அகப்பட்டு விலை ஏறியபோது, 'மலிவான புரதம்' என்ற வாதம் தோட்டத்துக் கடை வாசலிலேயே நின்றுபோனது. தேசிக்காயும் அப்படித்தான், வரத்து மிகுந்த காலத்தில் சில்லறைக்குக் கிடைப்பது, வரத்துக் குறைந்தால் எண்ணி வாங்கும் பொருளாகிவிடும்.

உயரமும் பேசும். ஏறத்தாழ 680 மீற்றரில் இருக்கும் பதுளை நகரின் வெப்பத்தில் ஒரு நாளில் வால் விடும் பயறு, 1,400 மீற்றருக்கு மேலுள்ள அப்புத்தளைக் குளிரில் கூடுதல் நேரம் கேட்கும். நேரம் நீள நீள, தண்ணீரை மாற்றாவிட்டால் வழுவழுப்பும் வாடையும் வரும். அதற்குப் பின்னால் இருப்பது பெரிய ஆபத்து. ஈரமும் இளஞ்சூடும் விதைக்கு எவ்வளவு ஏற்றதோ, பற்றீரியாவுக்கும் அவ்வளவு ஏற்றது. 2011இல் ஜேர்மனியில் முளைகட்டிய வெந்தயத்தோடு தொடர்புபடுத்தப்பட்ட ஈகோலைத் தொற்று ஆயிரக்கணக்கானோரைப் பாதித்து ஐம்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. சுத்திகரித்த குழாய்நீர் எல்லா லயத்துக்கும் எட்டாத சூழலில், கர்ப்பிணிக்கும் சிறு குழந்தைக்கும் பச்சை முளையைப் பரிந்துரைப்பது சரியாகாது. சில நிமிடம் ஆவியில் வேகவைத்தால் விற்றமின் சியில் ஒரு பகுதி போகும். புரதமும் இரும்பும் நிற்கும். தோலுரித்து உடனே தின்னும் தோடைக்கு இந்தத் தொல்லை இல்லை. எடைத்தட்டில் ஏறாத இந்த அனுகூலத்தை ஒப்பீடுகள் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன.

எஞ்சி நிற்பவை

சில முடிவுகளைத் துணிந்து சொல்லலாம். விற்றமின் சிக்குத் தோடம்பழம் முளைப்பயற்றை விட மேல். தேசிக்காய் அப்படி அன்று. புரதம், போலேற்று, இரும்பு ஆகியவற்றில் பயறு பழத்தை விட மிக மேல். அதில் பெரும்பகுதி முளைக்கு முன்பே விதையில் இருப்பது. முளைகட்டுவது சேர்க்கும் நன்மைகள் செரிமானமும், கொஞ்சம் விற்றமின் சியும், தளர்ந்த பைற்றேற்றும். அவித்த முழுப்பயற்றை உண்ணும் வீட்டுக்கு முளைகட்டாததால் பெரிய நட்டம் இல்லை. பயறே வாங்காத வீட்டுக்குத்தான் நட்டம்.

திறந்திருக்கும் கேள்விகள் வேறு வகை. அரிசியும் கோதுமை மாவும் சாயத் தண்ணியும் கலந்த தோட்டத்து நாளில், முளைப்பயறும் தோடையும் மாதக்கணக்கில் சேர்ந்தால் ஒரு பெண்ணின் இரும்புக் கையிருப்பு எவ்வளவு உயரும்? கொக்கிப்புழு, தலசீமியா, உணவு ஆகிய மூன்றின் பங்கையும் தோட்டம் தோட்டமாக எப்படிப் பிரித்தறிவது? மொனராகலையில் விளையும் பழமும் பயறும் அதே மாகாணத்து லயத்தை மலிவாக அடைய எந்த ஏற்பாடு உதவும்? முதல் இரண்டுக்கும் மருத்துவ ஆய்வு வேண்டும். மூன்றாவதுக்குச் சந்தையும் சம்பளமும் விடை சொல்ல வேண்டும்.

அதுவரை செலவில்லாத ஒரு மாற்றத்துக்கு நல்ல ஆதாரம் உண்டு. தேநீரை உணவோடு குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால், இழக்கும் இரும்பில் கணிசமான பங்கு மீள்கிறது என்று 2017இல் பிரித்தானியாவில் நடந்த ஒரு சிறு ஆய்வு காட்டியது. பழமும் பயறும் விலைக்கு வாங்க வேண்டியவை. ரொட்டிக்கும் சாயத் தண்ணிக்கும் இடையே விடும் அந்த ஒரு மணி நேரத்துக்கு விலை இல்லை. ஆனால் மலையில் வேலை நடுவே கிடைக்கும் சாப்பாட்டு நேரம் அதற்கு இடம் கொடுக்குமா என்பதைத் தீர்மானிப்பது போசாக்கு நூல் அன்று, தோட்டத்தின் வேலை அட்டவணைதான்.